லிசி தேற்றிய கேப்டன்

என் தங்கை லிசி விமானம் ஓட்டுகிறாள் என்றால், எங்கள் திருச்சி கைலாசபுரத்தில் பாதிப் பேர் இன்னமும் ஏர் ஹோஸ்டஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றில் அவள் கேப்டன். அங்கே புதிய கேப்டன்களைச் சோதித்துத் தேற்றிவிடுவதும் அவள்தான்.

அந்த நாட்டில் ஒரு சட்டம். உள்ளூர்க்காரர் கேப்டனாகத் தேறும்வரைதான் வெளிநாட்டுக்காரருக்கு வேலை விசா. இந்த வருடம் கலீல் என்ற பையனின் முறை. அவன் தேறினால் லிசியின் நாற்காலி அவனுக்கு. தன் குழியைத் தானே வெட்டச் சொல்கிற சட்டம்! அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கொதித்துவிட்டேன்.

"இத்தனை வருஷம் உழைச்சிருக்கே. பேசாம அவனை ஃபெயிலாக்கிடு."

"நீங்க வேலை பாக்குற பிளாண்ட்ல வெளியூர் ஆளுங்களை எடுத்தப்ப, கேட்ல கொடி பிடிச்சது யாருண்ணே?" என்று சிரித்தாள். பிடித்தவன் நான்தான். "ஆனா விசா முடிஞ்சதும் உடனே கிளம்புன்னு சொல்றது அநியாயம்தான். பிள்ளைங்க படிப்பு பாதியில நிக்கும். அதுக்குக் கலீல் என்ன பண்ணுவான்?"

சோதனைக்கு அவள் தேர்ந்தெடுத்தது திருச்சி விமானத்தை. ஆடி மாதம். அம்மியையே பறக்கவிடும் காற்று. ஊர் திரும்ப நானும் அதில்தான் ஏறினேன். ஓட்டியவன் கலீல், பக்கத்தில் லிசி.

ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்தது. பிறகு கே.கே. நகர் மொட்டை மாடிகளில் காயும் துணிகள்கூடத் தெரிந்தன. விமானம் தள்ளாடியது. சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில், பெரும் இரைச்சலோடு மறுபடி மேலே ஏறிவிட்டது. பக்கத்து இருக்கை அம்மா "யா அல்லாஹ்" என்று என் கையைப் பிடித்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அந்தப் பயத்திலும் எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். பையன் கோட்டை விட்டான், தங்கச்சி வேலை தப்பித்தது!

சுற்றி வந்து, இரண்டாம் முறை பூப்போல இறக்கினான்.

எல்லாரும் இறங்கியபின் காக்பிட் வாசலுக்குப் போனேன். வியர்த்து நின்ற கலீலின் தோளை லிசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டான், அண்ணே."

"முதல் தடவை இறக்கவே முடியலையே!"

"நான் பக்கத்துல இருக்கேன்னு பயந்துகிட்டு எப்படியாவது தரையில போட்டுடறவங்கதான் அதிகம். இவன், பரீட்சை போனா போகட்டும்னு மேல தூக்கினான். உங்களையும் சேர்த்து எத்தனை உசிரு! இவனை எப்படிண்ணே ஃபெயிலாக்குவேன்?"

நான் தோளில் தூக்கி வளர்த்தவள். அன்றைக்கு அண்ணாந்து பார்த்தேன். கலீலின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"அப்போ நீ?"

"அடுத்த மாசம் பிள்ளைங்களோட வந்துடறேன். இவன் ஓட்டுற பிளேன்லதான் வருவேன்," என்றாள்.