அண்ணை விட்டுப்போன எண்

அண்ணை செத்தபோது அவருடைய கம்பியூட்டர் ஒரு கணக்கின் நடுவில் இருந்தது.

கந்தோரால் வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தியதும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார். இரண்டை இரண்டால் பல கோடித் தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத முதன்மை எண்தானா என்று பார்க்கும் வேலை. உலகம் முழுக்கப் பலர் ஆளுக்கோர் எண்ணாக எடுத்துச் சோதிக்கிறார்களாம். நான்கில் தொடங்கி, அதை வர்க்கித்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். பிறகு அந்த மீதியை வர்க்கிக்க வேண்டும். இப்படியே வாரக்கணக்காக ஓடும். கடைசி மீதி பூச்சியம் என்றால் முதன்மை எண்.

"உந்த எண்ணைக் கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறியள்?" என்று அவர் மனைவி, என் மச்சாள், கேட்பார்.

"ஒண்டும் செய்யேலாது. ஆனா உலகத்திலை ஆரும் காணாத ஒண்டை நான் கண்டிருப்பனெல்லோ."

"ஓ, என்னைக் கண்டது காணாதாக்கும்!"

ஒரு காலை கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவர் விழுந்தார். ஆசுப்பத்திரியில், இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று கேட்டோம், திரும்பவும் அதையேதான் சொன்னார்கள். செத்தால் இதயம் நிற்காமல் பிறகென்ன, ஓடுமோ? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

செத்தவீட்டில் மைக் செட்டுக்கு இடம் வேண்டுமென்று மாமா கம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். "ஐயோ, அண்ணையின்ரை கணக்கு!" என்று கத்தினேன். "பாவம், பெட்டைக்கு மண்டை கலங்கிப்போச்சு" என்று பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

எல்லாரும் போன பிறகு அதைத் திரும்பப் போட்டேன். நல்லகாலம், கணக்கு அழியவில்லை. முதன்மை எண் என்றால் அண்ணையின் பெயர் உலகத்துக்குத் தெரிய வரும். அந்த ஆசை என்னைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டது. நிற்பாட்டச் சொன்ன சொந்தக்காரர் எல்லாரோடும் சண்டை பிடித்தேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு. முப்பத்தொன்றும் முதன்மை எண்தான். அண்ணை இருந்திருந்தால் ஐயரிடமே அதைச் சொல்லியிருப்பார். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கணக்கு முடிந்திருந்தது.

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"முதன்மை எண் இல்லையாம், மச்சாள்."

"அப்ப எதாலை வகுபடுமாம்?"

அதை இந்தச் சோதனை சொல்லாது. கடைசி மீதி பூச்சியம் இல்லையென்றால், அந்த எண் வகுபடும் என்பது நிச்சயம். எதனால் என்று கேட்டால் ஒரு துப்பும் கிடையாது.

"அது தெரியாது, மச்சாள். வகுபடும் எண்டு மட்டும்தான் சொல்லும்."

செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவர், அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"ஒரு வருத்தம், நோய் நொடி இல்லாத மனிசனடி. எதாலை எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே!"

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் குழறி அழுதேன்.