பீர் தாங்குமா இந்தப் பெட்டி?

பொலிவியாவின் எல் ஆல்டோ நகரில் எதெல்மிரா யுஹ்ராவைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதுதான் பிரச்சினையே. கட்டடப் பொறியியல் பட்டம் வாங்கி நான்கு வருடமாகியும் வேறொருவர் அலுவலகத்தில், வேறொருவர் கையெழுத்துக்குக் கீழே கம்பிக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான், ஊரே மரியாதையாகத் தோன்யா என்றழைக்கும் துணி வியாபாரி பொலிகார்பியா ஆறு மாடிக்கு வரைபடம் கேட்டிருந்தாள். கீழே கடை, நடுவே விருந்து மண்டபம், உச்சியில் வீடு.

"ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து காட்டு. பிடிச்சா உனக்கு, இல்லேன்னா அடுத்த ஆளுக்கு."

அலுவலகக் கணினி மேசையை விட்டு நகராது. சொந்தமாக மடிக்கணினி ஒன்று வாங்கியே ஆகவேண்டும். முன்பு ஒன்று இருந்தது. பட்டம் வாங்கியபோது குடும்பமே சேர்ந்து வாங்கிக்கொடுத்தது. புதிதாக வீட்டுக்குள் எது வந்தாலும் பூமித்தாய்க்குப் பங்கு ஊற்றிவிட்டுத்தான் தொடுவார்கள். அதற்குப் பெயர் ச்சால்யா. ஞானத்தந்தை நான்கு மூலைக்கும் நான்கு சொட்டு பீர் விட்டார். பாசம் பொங்கி நடுவிலும் ஒரு வாய் ஊற்றினார். நாற்பது நிமிடத்தில் கணினி செத்தது. "பூமியம்மாவுக்கு நல்ல தாகம்போல" என்றார் ஞானத்தந்தை. பீரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை அவளும் தாய் அசுந்தாவும் கேபிள் காரில் கீழே லா பாஸ் நகருக்கு இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த எலோய் சல்மோன் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரன் வெள்ளித் தகடுபோல ஒன்றை நீட்டினான்.

"பாருங்க இஞ்சினியரம்மா, ஒரு கிலோகூட இல்ல. இதோட உள்ள போனா எதிராளி எழுந்து நிப்பான்."

கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தாள். கையில் தகடு இருந்தால் பொறியாளர்போலத்தான் தெரிந்தது. ஆனால் நினைவகம் பதினாறு ஜி.பி.தான், பிறகு கூட்டவும் முடியாது. படத்துக்கெனத் தனி அட்டையும் இல்லை. நான்காவது மாடியிலேயே மூச்சு வாங்கும். தெரிந்தும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஐந்து வருடம் படித்த கணக்கைவிட இந்தப் பளபளப்பையா நம்புகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

"தம்பி, இது பீர் தாங்குமா?" என்றாள் அசுந்தா.

"அம்மா, சும்மா இரேன்!"

"ஏன்டி சும்மா இருக்கணும்? போன தடவ சும்மா இருந்துதானே புதைச்சோம்?"

கடைக்காரன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "வீட்ல எத்தன பேர் ஊத்துவாங்கம்மா?"

பிறகு கீழ்த்தட்டிலிருந்து கறுப்பாக, தடியாக ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் இரண்டு ஓட்டைகள். "மேல ஊத்தினா கீழ வந்துடும். கம்பெனிக்காரன் தண்ணின்னுதான் எழுதியிருக்கான். பீருக்கு நான் பொறுப்பில்ல." நினைவகம் முப்பத்திரண்டு, தனிப் பட அட்டை, விரல் பதிய நல்ல விசைகள். இறைச்சிக்கடைத் தராசுபோல இருந்தது. எதெல்மிரா அதையே வாங்கினாள், துக்கம் விசாரிக்கப் போகும் முகத்தோடு.

வீட்டில் தாயிடம் கெஞ்சி அட்டைப்பெட்டிக்கு மட்டும் ச்சால்யா செய்ய வைத்தாள்.

ஞாயிறன்று துணிக்கடையில் தோன்யாவின் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் சூழ, திரையில் கட்டடம் சுழன்றது. தோன்யா கையை உயர்த்தினாள்.

"மெஷின் புதுசா?"

"ஆமா, தோன்யா."

"ச்சால்யா ஆச்சா?"

ஆச்சு என்று சொல்லியிருக்கலாம். "அட்டைப்பெட்டிக்கு ஆச்சு."

"என் வீட்டை வரைஞ்சது அட்டைப்பெட்டியா?"

பாட்டில் வந்தது. அணைக்க விடவில்லை, மின்கம்பியைப் பிடுங்க மட்டும் நேரம் கிடைத்தது. தோன்யா நான்கு மூலைக்கும் விட்டாள். பிறகு நடுவில், அரைப் பாட்டில், அவசரமே இல்லாமல். நுரை விசைகளுக்கு நடுவே இறங்கியது. எதெல்மிரா கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழே விரித்திருந்த வெல்வெட்டில் சொட்டும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கட்டடம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஒன்பது பேரும் கைதட்டினார்கள். தோன்யா மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது மாடி போடலாமா, இஞ்சினியர்?"

"அடித்தளம் தாங்குமான்னு பாக்கணும். கணக்குப் போடாம சொல்ல மாட்டேன்."

"அப்போ போடு. யார் வேணாங்கறா?"

எதெல்மிரா சட்டைக் கையால் விசைகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.