ஒரு வயது ஏற்றிப் போட்டேன்

பதிமூன்று வருடத்துக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தது. உத்திரமேரூர் பக்கம் இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி எங்களுடையது. எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடத்தை எடுத்துவிடுவார்கள், அப்புறம் பள்ளியையே மூடுவார்கள். தலைமையாசிரியை நான், செங்கல் சூளைக்குப் போய்ப் பிள்ளை பிடித்தேன். அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்தவளின் மகனுக்கு நாலு வயது. சூளையிலேயே பிறந்தவன், பிறப்புச் சான்று கிடையாது. ஐந்து முடிந்ததாக ஒரு தேதியை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டேன். இதைப் பொய் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. வயது ஏற்றிப் போடுவது என்போம். பள்ளியைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

பையன் எங்களிடம் நன்றாகத்தான் படித்தான். பெரிய பள்ளிக்குப் போனால் அங்கே கணக்குக்கு ஆசிரியரே இல்லை. பத்தாவதில் கணக்கில் போய்விட்டது, அவனும் சூளைக்குப் போனான். ஓர் ஆசிரியரைப் போட நிதியில்லை என்றவர்கள், வயலில் மோட்டார் கம்பி திருட்டு அதிகமானதும் ஊர் முனையில் கேமரா வைத்தார்கள். இந்த மாசியில் அந்தக் கேமராவில்தான் அவன் மாட்டினான்.

பிறந்த தேதிச் சான்று கேட்டு ஏட்டு ஒருவர் பள்ளிக்கு வந்தார்.

"பதினெட்டு ஆயிட்சின்னா பெரிய ஜெயிலு மேடம். ஆவலன்னா பசங்க கோர்ட்டு. உங்க ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அதான்."

பதிவேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் அவனுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவன் அம்மா வாசலில் நின்றாள். "பொங்கலுக்கு அப்பறம்தான் அவனுக்கு பதினேழு ஆச்சி. நீங்கதானே டீச்சர் ஒரு வயசு ஏத்திப் போட்டீங்க. அத்த சொல்லிடுங்க."

சொன்னால் என் வேலை போகும். அதோடு, பதிவேட்டில் நான் ஏற்றிப் போட்ட மற்ற பிள்ளைகளின் தேதியும் சந்தேகத்துக்கு வரும். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இருந்ததை இருந்தபடி எழுதி, முத்திரை குத்தி ஏட்டிடம் கொடுத்தேன். அவனைப் பெரிய ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஜூனில் மறுபடி ஒரு பிள்ளை குறைந்தது. சூளைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. அவளே வந்தாள், கடைசிப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. அதற்கும் நாலு வயதுதான். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள். பிறப்புச் சான்று.

"இதுல இருக்கறத அப்பிடியே எய்துங்க டீச்சர். ஒரு நாள் கூட ஏத்தாதீங்க."

அப்படியே எழுதினால் சேர்க்க முடியாது. காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"அடுத்த வருஷம் கூட்டிக்கினு வாம்மா."

அவள் வகுப்பறையை ஒரு முறை பார்த்தாள். பெஞ்சுகளில் பாதி காலி.

"அடுத்த வருசம் இஸ்கூலு இருக்குமா டீச்சர்?"