மஞ்சளும் மிளகும், பக்கத்துக் கட்டில் ரேவதியும்

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் முப்பத்தாறையும் நாற்பத்தெட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறவள் நான். விளையாடுகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று மாலையே சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டில் வலிப்பு வந்து விழுந்தேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு நீரைச் சோதித்து நோய்க்குப் பெயர் சொன்னார்கள்: ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையையே தாக்குவதால் வரும் அழற்சி). ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) முதலில் ஊசியாக ஏறியது, பிறகு மாத்திரையானது.

பத்தாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ரேவதி வந்தாள். அதே நோய். எங்கள் ஊர்க்காரிதான்; அவள் கணவர் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட மோசமாக இருந்தாள். அவள் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதே நோயோடு இருந்து இதைப் படிக்கும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீடு திரும்பி மூன்று மாதம் கழிந்தது. நான் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதைக்கூட மறந்துகொண்டிருந்தேன். ரேவதி வீட்டு மருந்துக் கடைக்குப் போய் வந்த என் கணவர் கருணா சொன்னார்: "ரேவதி நல்லா தேறிட்டாங்க. நாலு பேர் கேக்குறதை மனசுலயே வெச்சினு பொட்டலம் கட்டிக் குடுக்குறாங்க."

அவர் தட்டில் சோற்றை ஓங்கிப் போட்டேன்.

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். ஸ்டீராய்டினால் என் முகம் ஊதியிருந்தது; அவள் முகம் அப்படியே இருந்தது. வயிறு எரிந்தது.

"இன்னா சாப்பிடுற நீ?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு மஞ்சளும் மிளகும் சேர்த்த மாத்திரை தராருக்கா. வல்லாரைப் பொடியும் தேன்ல குழைச்சி தராரு."

இரண்டையும் வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்றாள் அவள். நான் மூன்று விழுங்கினேன். தலை தெளிந்தது போல இருந்தது. அவளை முந்திவிடலாம் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ஸ்டீராய்டைப் பாதியாக்கினேன், பிறகு நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் பீன்ஸ் நறுக்கும்போது வலிப்பு வந்து கை வெட்டி இழுத்தது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. கண்கள் மஞ்சளித்திருந்தன.

டாக்டரம்மா தமிழ் பேசுகிறவர். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மஞ்சள்ல குர்குமின்னு ஒரு பொருள் இருக்கு. அழற்சியைக் குறைக்கிற குணம் அதுக்கு உண்டு. வல்லாரைச் சத்தையும் எலிங்களுக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. ஆனா மனுஷ மூளைக்குள்ள அதெல்லாம் எவ்வளவு போய்ச் சேருது, இந்த நோய்க்கு எவ்வளவு உதவுதுன்னு இன்னும் உறுதியா தெரியாது. மிளகு சேர்ந்தா உடம்பு குர்குமினை அதிகமா இழுத்துக்கும். சிலருக்கு அது கல்லீரலைக் கெடுக்கும். உங்களுக்கும் அதுதான் ஆகியிருக்குன்னு நினைக்கிறேன். ஸ்டீராய்டை நீங்களே நிறுத்தினது அதைவிட ஆபத்து."

"ரேவதியும் அதைத்தானே சாப்பிடுறா?"

"இன்னொருத்தர் மருந்தைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. அவங்களையே கேளுங்க."

கருணா என்னைத் திட்டவில்லை. "யாரோட போட்டி போடுற நீ?" என்று மட்டும் கேட்டார்.

வீடு திரும்பிய வாரம் ரேவதி பார்க்க வந்தாள். "நீ ஸ்டீராய்டை எப்ப நிறுத்தின?" என்று கேட்டேன்.

"நிறுத்தலையேக்கா! காலைல அதைப் போட்டுக்கினுதான் மஞ்சள் மாத்திரை. டாக்டருக்கும் தெரியும். நீங்க இன்னா சாப்பிடுறேன்னுதானே கேட்டீங்க?"

அப்படித்தான் கேட்டிருந்தேன். அவள் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

ரேவதி நாற்காலியை அருகில் இழுத்தாள். "அக்கா, ஆஸ்பத்திரியில நான் எப்படி இருந்தேன்? அந்த ஒரு மாசம் சுத்தமா ஞாபகமில்ல. வீட்டுக்காரரைக் கேட்டா அழுவுறாரு. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் கீது. பொறாமையா கீதுக்கா."

 நான் சொன்னேன்: கட்டை அவிழ்த்த அன்று அவள் விரல்களாலேயே தலை வாரிக்கொண்டதை. நர்ஸிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டதை. ஜன்னல் வரை பன்னிரண்டு அடி நடந்ததை; மறுநாள் பத்தொன்பது.

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன்." ஏன் என்று சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது ஸ்டீராய்டை டாக்டர் சொல்கிற வேகத்தில் குறைக்கிறேன். மஞ்சளைச் சேர்ப்பது குழம்பில் மட்டும்தான். கூட்டலுக்கு இன்னும் விரல்கள் வேண்டியிருக்கின்றன. என் ஒரு நாள் மற்றவர்களின் ஒரு நாளைவிட நீளம். இந்த உடம்பு அவள் உடம்பின் வேகத்தில் போகாது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தும் சில நாள் எரிகிறது.

ரேவதி வாரம் ஒருமுறை வருகிறாள். ஒவ்வொரு முறையும் அவள் மறந்துபோன ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.