பதினோரு நாள் சட்டம்

எங்கள் எட்டாம் வகுப்புக்கென்று ஓர் அரசியலமைப்புச் சட்டம் இருந்தது. பதினோரு நாள் அமலில் இருந்தது. அதைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு என்னுடையது என்பதால், அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சமூக அறிவியல் டீச்சர் ஊரப்பாக்கத்திலிருந்து வருவார். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியை. கழகத்தின் தலைவர் என் பெரியப்பா. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் மறுநாள் அந்த பஸ் ஏற வேண்டியதில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷமே தையல் டீச்சர் அப்படித்தான் போனார்.

அரசியலமைப்புப் பாடம் வந்தபோது, "மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா போதாது, நீங்களே ஒண்ணு எழுதுங்க" என்றார் டீச்சர். 'எட்டாம் வகுப்பு மாணவர்களாகிய நாம்' என்று தொடங்கி, மூன்று நாள் சண்டை போட்டு, ஓட்டெடுத்து, ஒரு முழு சார்ட்டில் ஏழு விதிகள் எழுதினோம். அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எந்த விதியை யார் முன்மொழிந்தது என்று பெயர்கள், அதற்கும் கீழே நாற்பத்தொரு பேரின் கையெழுத்து. என் கையெழுத்தை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டேன்.

நான்காம் விதி எஸ்தருடையது. வகுப்பைப் பெருக்கும் வேலை, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லோருக்கும் வரும் என்பது. அதுவரை காலனிப் பெண்கள்தான் பெருக்கினார்கள். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. துடைப்பம் தானாக அவர்கள் கைக்குப் போகும், ஊர்ப் பிள்ளைகளான நாங்கள் வராந்தாவில் நின்று அரட்டை அடிப்போம். எஸ்தர் எழுந்து அதைச் சொன்னபோது வகுப்பே அடங்கிவிட்டது. முதலில் கை தூக்கியது நான். பெரிய மனசெல்லாம் இல்லை. அவள் என் சிநேகிதி, அவள் பெருக்கி முடிக்கும்வரை எனக்கு விளையாட ஆள் கிடையாது. அவளுடைய அப்பா என் பெரியப்பாவின் ஹாலோ பிளாக் பட்டறையில் லோடு ஏற்றுகிறவர்.

பத்தாம் நாள் என் முறை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருக்கினேன். பாதிக் குப்பையை பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டேன். மாலையில் தலையெல்லாம் தூசியோடு வீட்டில் நின்று, பரிசு வாங்கியவள்போல அதைச் சொன்னேன். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். பெரியப்பா காபியைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், குரல் இறங்கிவிடும்.

"யாரு உன்ன பெருக்க சொன்னது?"

"சட்டம், பெரிப்பா" என்றேன்.

மறுநாள் மதியம் அவருடைய பைக் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மணி அடிக்கும் முன்பே எங்களைச் சாப்பிட அனுப்பிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சருக்கு வேலை போய்விடும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. எஸ்தரும் தட்டில் கை வைக்கவில்லை. "எங்க நைனாக்கு தெரிஞ்சிது, அவ்ளோதான்" என்றாள். அவள் அப்பாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெரியப்பா தலைமையாசிரியரோடு வகுப்புக்குள் வந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னா டீச்சர், எங்க வூட்டுப் பொண்ணு கையில தொடப்பத்த குடுத்துக்கீற?"

"எல்லாருக்கும் முறை வருது சார். அவங்க வகுப்பு, அவங்களே சுத்தம் பண்றாங்க."

"அத்த உடு. இந்த ஐடியாவ குடுத்தது எவன் வூட்டுப் புள்ள? பேர மட்டும் சொல்லு, போதும். உம்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "சொல்லிடுங்க டீச்சர், இதோட முடிஞ்சிடும்" என்றார்.

"யாரும் குடுக்கல சார். எல்லாம் நான் எழுதினது. பசங்க அதைப் பார்த்து எழுதினாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் பொய் சொல்கிறார். பயத்தில் உளறித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். நான்தான் காப்பாற்ற வேண்டும். எழுந்து நின்று கத்தினேன்.

"இல்ல பெரிப்பா! நாங்கதான் எழுதினோம்! யாரு எத சொன்னாங்கன்னு பேரோட கீது, வந்து பாரு!"

சார்ட் மாட்டியிருந்த சுவருக்கு ஓடினேன். ஏழு விதிகளும் இருந்தன. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர்களும் கையெழுத்தும் இருந்த பகுதியைக் காணோம். அவசரத்தில் கிழித்ததுபோல ஓரம் கோணல்மாணலாக இருந்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர்தான் கிழித்திருக்கிறார். நான் அவ்வளவு பெரிதாகப் போட்ட கையெழுத்து! அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். ஓவென்று அழுதேன்.

நான் அழுததே பெரியப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. "அப்ப எல்லாம் உன் வேலதான். சரி" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, சார்ட்டை உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டீச்சர் தனியாக நின்றார். மேசையில் எப்போதும் இருக்கும் அவருடைய பேனா ஸ்டாண்டும் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் எதிரில் போய் நின்றேன்.

"ஏன் டீச்சர் கிழிச்சீங்க? அது இருந்திருந்தா உங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சிருக்கும். வேல போயிருக்காது."

அவர் திருப்பிக் கேட்டார். "எஸ்தரோட அப்பா இன்னிக்கு பட்டறையில இருக்காராம்மா?"

"கீறாரு. இப்ப இங்க வரசொல்லகூட பாத்தேன், லோடு ஏத்திகினு இருந்தாரு."

"யாரும் அவரை ஒண்ணும் சொல்லலையே?"

"அவர இன்னாத்துக்கு சொல்லப் போறாங்க?" என்றேன் எரிச்சலோடு.

டீச்சர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அதற்குள் செங்கல்பட்டு பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் போகிறாரே என்ற கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.