சந்தன நிறப் புடவையில் குங்குமக் கறை

குங்குமக் கறை எதைப் போட்டால் போகும்?

இந்தப் பத்தியில் நான் கறை டிப்ஸ் எழுதிய நாளிலிருந்து உங்களில் யாராவது இப்படிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறீர்கள். ஆனால், போன வாரம் இதே கேள்வி வந்த இடம் ஒரு துக்க வீடு.

சுதா என் சித்தப்பா மகள். கீழ்வேளூர் பக்கம் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அன்று பத்தாம் நாள். அந்தச் சடங்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான் — தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றி நிறையக் குங்குமம். கடைசியாக ஒருமுறை அலங்கரித்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கும் விலக்கு கிடையாது.

பூவை எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். குங்குமம் மட்டும் போகவில்லை.

அவசரத்துக்கு யாரோ வாங்கி வந்த மலிவான பாக்கெட் குங்குமம். முழுக்கச் சாயம். தண்ணீர் ஊற்றித் துடைத்ததில் சிவப்பு வழிந்து, அவள் கட்டியிருந்த சந்தன நிறக் காட்டன் புடவையில் இறங்கியது. நெற்றியிலோ அப்படியே நின்றது.

"இன்னும் தெரியுதே... நல்லா அழுத்தித் தேய்ங்கடி" என்றார் சுதாவுடைய மாமியாரின் அக்கா. தேங்காய் எண்ணெய் வந்தது. எலுமிச்சை மூடி வந்தது. அப்புறம் அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீதான் பத்திரிகையில எழுதுறியே. எதைப் போட்டா போகும், சொல்லேன்."

"எனக்குத் துணிக்குத்தாங்க தெரியும். விட்டுடுங்க, தோல் உரியுது."

விட்டால்தானே?

சுதா கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, புடவையில பட்டிருச்சு. பொங்கலுக்கு அவர் எடுத்துக் குடுத்தது. போயிடுமா?"

புடவையைத் தஞ்சாவூருக்கு எடுத்து வந்தேன்.

வழக்கமான வைத்தியம்தான். சாயக் கறையைத் தேய்க்கவே கூடாது. துணியைத் திருப்பி, பின்பக்கமாகக் குழாயைத் திறந்து சாயத்தை ஓடவிட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விடோடு கொஞ்சம் வினிகர் கலந்து ஊறல். அலசிவிட்டு, மிச்சத்துக்கு பேக்கிங் சோடா. வெந்நீர் வேண்டாம், கறை முழுக்கப் போகும்வரை வெயிலும் வேண்டாம். பொறுமையாகச் செய்தால் போய்விடும். போனது.

துணிக்கே 'தேய்க்காதே' என்று பாடம் எடுக்கிறோம். அவள் நெற்றிக்கு யார் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை புடவையை வாங்கிக்கொள்ள வந்தாள் சுதா. நெற்றியில் புண் பொருக்கு கட்டியிருந்தது. அதற்குக் கீழே, புருவ மத்தியில், சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அதே பாக்கெட்தான்க்கா. தூக்கிப் போடப் போனாங்க, நான் எடுத்து வச்சுக்கிட்டேன். நாளைக்கு ஸ்கூலுக்கும் இதோடதான் போகப்போறேன்."

"அந்தம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அழிச்சுடுன்னாங்க. 'லேசுல போகாதுன்னு உங்களுக்கே தெரியுமே'ன்னேன்."

அதைப் போக்க என்ன வழி என்று மட்டும் யாரும் எனக்கு எழுத வேண்டாம்.