ஜோடி இல்லாத பபூன்

இன்று தருமபுரத்தில் ஒரு நடிப்பு வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனேன்.

"எந்த முறை சார் படிக்கிறீங்க? தனியா உணர்ச்சிய வரவழைக்கிறதா, எதிராளி பேசுறதக் கேட்டு நடிக்கிறதா?" என்றது அங்கிருந்த பெண்.

எண்பதுகளில் திருவிழா நாடகங்களில் நான் பபூன். ராஜா வேஷம் என் கூட்டாளி ஆரோக்கியத்துக்கு. எங்களுக்கு ஒத்திகையே கிடையாது. குரும்பகரத்தில் ஒருமுறை பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறினேன். அவன் வேறு எதையோ கேட்க, ஒரு பதிலும் பொருந்தவில்லை. அன்றோடு மனப்பாடத்தை விட்டேன்.

"கேட்டு நடிக்கிறதுதாம்மா."

"அதுக்கு ஜோடி வேணுமே சார். யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

ஆரோக்கியம் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். போனில் வேறு பெயர் தேடினேன். கேஸ்காரர், கேபிள்காரர்.

இதைப் படிப்பவர்கள் கீழே கமெண்டில் ஏதாவது கேளுங்கள். திட்டினாலும் சரி. பதில் சொல்ல ஆள் இருக்கிறேன்.